கடலடி உலகைக் கண்ட கூஸ்தோ

மேற்கே மலை, கிழக்கே கரிசல் காடு, இடையில் பருத்தி மில்களும் கண்மாய்களும். இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பிறந்து வளரும் நமக்குக் கடல் என்பது, விடுமுறையில் தூத்துக்குடிக்கோ மணப்பாட்டுக்கோ போனால் காலை நனைத்துவிட்டு வரும் இடம். மில் சங்கை அறிந்த அளவுக்கு நாம் கடற்சங்கை அறியோம். ஆயினும் நீச்சல் நமக்குப் புதிதன்று. தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டிக்கொண்டு கைகால் அடித்துப் பழகியவர்கள் நம் வகுப்பிலேயே பலர் இருக்கிறோம். பப்பாளி இலைத் தண்டை வாயில் வைத்துக்கொண்டு, தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மூச்சுவிட்டுப் பார்த்த துணிச்சற்காரிகளும் உண்டு. தண்டு இன்னும் நீளமாக இருந்தால் இன்னும் ஆழம் போகலாமே என்று அப்போது தோன்றும். போக முடியாது. ஓர் ஆள் ஆழம் இறங்குவதற்குள்ளாகவே நீர் நெஞ்சை அழுத்தி, மேலிருந்து காற்றை இழுக்கவிடாமல் செய்துவிடும்.

இந்தத் தடையைத் தாண்டி, மனிதன் மீனைப் போல் கடலுக்குள் உலவ வழி செய்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் ஈவ் கூஸ்தோ. அவர் பெரும் செல்வத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கவில்லை. பழைய சாமான்களை வைத்துக்கொண்டு தொடங்கினார். அதனாலேயே அவர் வரலாறு நம்மைக் கவர்கிறது.

கூஸ்தோ 1910-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், போர்தோ நகருக்கு அருகிலுள்ள சேன்ட் ஆந்த்ரே த கியுப்ஸாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தானியேல் ஒரு வழக்கறிஞர். செல்வந்தர் ஒருவரின் செயலாளராக அவர் பணியாற்றியமையால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. சிறுவன் ஜாக் நோஞ்சான். வயிற்று நோயும் இரத்தசோகையும் அவனை வாட்டின. உடம்பை வருத்தும் விளையாட்டு எதுவும் கூடாது என்பது வைத்தியர்களின் கட்டளை. ஆனாலும் நீச்சலை விடவில்லை. குடும்பம் சிறிது காலம் அமெரிக்காவில் இருந்தபோது, கோடை முகாம் ஒன்றில் ஏரியின் அடியில் கிடந்த மரக்கிளைகளை முக்குளித்து அகற்றும் வேலை அவனுக்குத் தரப்பட்டது. மூச்சடக்கி முக்குளிப்பதை அங்கேதான் கற்றான்.

பள்ளியில் கெட்டிக்கார மாணவன் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்ததற்காக வெளியேற்றப்பட்டவன் அவன். (அருட்சகோதரிகள் மன்னிப்பார்களாக, இதைப் பின்பற்றும் எண்ணம் நம்மில் யாருக்கும் இல்லை.) ஆனால் கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்த்து மறுபடியும் பூட்டிவிடும் திறமை இருந்தது. பதின்மூன்று வயதில், சேர்த்து வைத்த கைச்செலவுப் பணத்தைக் கொண்டு சிறியதொரு சினிமாக் காமிரா வாங்கினான். வாங்கியவுடன் செய்த முதல் வேலை அதைக் கழற்றிப் பார்த்ததுதான். இந்தக் கழற்றிப் பூட்டும் கைதான் பின்னாளில் பணத்துக்குப் பதிலாக உதவியது.

1930-இல் பிரெஸ்த் நகரத்துக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் விமானமோட்டியாக விரும்பிப் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், ஓர் இரவு கார் விபத்தில் இரு கைகளும் முறிந்தன. ஒரு கையை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றனர் வைத்தியர்கள். அவர் இணங்கவில்லை. மாதக்கணக்கில் முயன்று, ஒவ்வொரு விரலாக அசைக்கப் பழகினார். விமானப் படைக் கனவு முடிந்தது. கைகளுக்கு வலுவேற்ற, தூலோன் துறைமுகத்தில் நாள்தோறும் கடலில் நீந்தத் தொடங்கினார்.

அங்கே நண்பர் பிலிப் தையே அவருக்கு நீர்புகாக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். 1936-ஆம் ஆண்டு அது. அதுவரை கூஸ்தோவுக்கு உப்புத் தண்ணீர் கண்ணை எரிக்கும் ஒரு பொருள்தான். அந்தக் கண்ணாடியை அணிந்து தலையைத் தண்ணீருக்குள் விட்டதும், கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே பாசி படர்ந்த பாறைகளும் மீன் கூட்டமும் தெளிவாகத் தெரிந்தன. அவர் வாழ்க்கை அந்த ஒரு நாளில் திசை திரும்பிவிட்டது என்றே அறிஞர்கள் எழுதுகின்றனர். இத்தனைக்கும் செலவு ஒரு கண்ணாடி!

இவ்விடத்தில் நம் கடலோரத்தையும் நினைக்க வேண்டும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்திறங்கிய முத்துக்குளித்துறைக் கரையில், அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மக்கள் கடலடிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தவை ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை, அடக்கிய மூச்சு ஆகிய நான்கே. கல்லின்மேல் கால் வைத்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்தால், படகிலிருப்பவர் மேலே இழுத்துவிடுவார். கயிறு பிடிக்க மைத்துனனையே நம்புவார்கள் என்பது அங்கு வழங்கும் பேச்சு. தங்கையின் தாலி மேலே இருப்பவனின் கையைப் பிடித்து இழுக்கும் அல்லவா? இன்றும் இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, பாறை கிழிக்காதபடி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். கூஸ்தோவும் அவர் நண்பர்களும் முதல் ஆறேழு ஆண்டுகள் செய்ததும் இதையொத்த மூச்சடக்கல்தான்.

நண்பர்கள் மூவர்: கூஸ்தோ, தையே, மீன் வேட்டையில் தேர்ந்த பிரெதெரிக் துமா. மூவருக்கும் ஒரே ஆசை. ஒரு நிமிடம் போதாது, கீழே தங்கிப் பார்க்க வேண்டும். தோளில் குழாயையும் தலையில் செம்புக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு இறங்கும் கவச மூழ்காளர்கள் அந்நாளில் இருந்தார்கள். ஆனால் அதற்குக் கப்பல் வேண்டும், பம்ப் வேண்டும், ஆட்கள் வேண்டும். அத்தனை இருந்தும் அவர்கள் கடல்தரையில் கனத்த காலணியோடு நடக்கலாமே ஒழிய நீந்த முடியாது. பிரெஞ்சுக்காரர் லெ பிரியூர் என்பவர் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டும் முறையைக் கண்டிருந்தார். அதில் காற்று ஓயாமல் வெளிவந்துகொண்டே இருந்தபடியால் விரைவில் தீர்ந்துவிடும்.

கூஸ்தோ தம் கப்பலிலிருந்த ஆயுதத் தொழிலாளி ஒருவரின் உதவியுடன் சொந்தமாக ஒன்று செய்து பார்த்தார். விஷவாயு முகமூடியின் பெட்டி, ஒரு சிறிய ஆக்சிஜன் புட்டி, ஒரு மோட்டார் சைக்கிள் டியூப். இவைதான் பொருள்கள்! வெளிவிடும் மூச்சை மருந்துப் பெட்டியின் வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்து, அதையே மறுபடியும் சுவாசிப்பது ஏற்பாடு. கருவி வேலை செய்தது. ஆனால் ஏறத்தாழ 45 அடி ஆழத்தில் அவருக்கு வலிப்புக் கண்டு நினைவு தப்பியது. எப்படியோ மேலே வந்து உயிர் தப்பினார். கருவியைத் திருத்தி மறு தடவை இறங்கினார், மறுபடியும் வலிப்பு. உயிர் காக்கும் பிராணவாயுவே தூய நிலையில், ஆழத்து அழுத்தத்தில், நஞ்சாகிறது என்பது அவருக்கு இப்படித் தெரியவந்தது. இந்த இரண்டாவது இறங்குதல் துணிச்சலா, பிடிவாதமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பிடிவாதம் என்போரே மிகுதி. மணமாகி மனைவி சிமோன் வீட்டில் காத்திருந்த காலம் அல்லவா அது!

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. உணவுக்கே பஞ்சம், படச்சுருளுக்கு எங்கே போவது? ஆயினும் 1942-இல் நண்பர்கள் மூவரும் கடலடியில் ஒரு திரைப்படம் எடுத்தார்கள். பழைய காமிரா ஒன்றை மலிவாக வாங்கினார்கள். லியோன் வேஷ் என்ற இயந்திரத் தொழிலாளி அதற்கு நீர்புகாப் பெட்டி செய்து தந்தார். சினிமாச் சுருள் கிடைக்காதபடியால், சாதாரணப் புகைப்படக் காமிராவுக்கான சுருள்களை வாங்கி, இருட்டில் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கினார்கள். அந்தப் படத்துக்குப் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் என்று பெயர். முழுப் படத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டே எடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு காட்சிக்கு ஒரு மூச்சு!

அதே 1942-ஆம் ஆண்டின் இறுதியில் கூஸ்தோ பாரிஸுக்குச் சென்றார். மாமனார் ஏர் லிக்கீத் என்னும் வாயுக் கம்பெனியில் உயர்ந்த பதவியிலிருந்தவர். அவர் வழியாக எமில் கான்யான் என்ற பொறியாளரின் அறிமுகம் கிடைத்தது. போரினால் பெட்ரோல் கிடைக்காத அக்காலத்தில் கார்களை வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். எஞ்சினுக்கு வேண்டிய அளவு வாயுவை வேண்டியபோது மட்டும் விடுவதற்காகக் கான்யான் ஒரு சிறிய வால்வு செய்து வைத்திருந்தார். கூஸ்தோ தம் தேவையைச் சொன்னதும், அவர் அந்த வால்வையே எடுத்துக் காட்டினாராம். காருக்குச் செய்தது மனிதனுக்குப் பொருந்தியது.

இதை நம் வீட்டுச் சமையல் வாயு ரெகுலேட்டருடன் ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சிலிண்டரில் அடைத்த அழுத்தத்தைக் குறைத்து அளவாக விடுவதுதான் அதன் வேலை. கான்யான் வால்வு இன்னும் ஒருபடி மேல். மூச்சை உள்ளிழுத்தால்தான் திறக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். அதற்குமேல், சுற்றியுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும். நீரில் 33 அடி இறங்கினால் நம்மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. 66 அடியில் மூன்று மடங்கு. வெளியிலிருந்து நெஞ்சை அமுக்கும் அதே வலிமையுடன் உள்ளேயும் காற்று வந்தால், நெஞ்சு நசுங்காது. பப்பாளித் தண்டு தோற்ற இடத்தில் இந்த வால்வு வென்றது இதனால்தான்.

முதல் சோதனை 1943-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கடுங்குளிரில், பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் நடந்தது. படுக்கைவாட்டில் நீந்தும்போது காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொப்பளித்துக்கொண்டு வெளியேறிற்று. தலைகீழாகத் திரும்பினால் மூச்சே கிடைக்கவில்லை. இருவரும் மனம் சோர்ந்து காரில் திரும்பினார்கள். வழியிலேயே காரணம் புலப்பட்டது. மூச்சை வெளிவிடும் துவாரம், காற்று வரும் வால்வைவிட அரை அடி மேலே இருந்தது. அந்த அரை அடி நீரின் அழுத்த வேறுபாடுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம். இரண்டையும் அருகருகே வைத்தார்கள், சரியாகிவிட்டது. உலகத்தையே மாற்றிய கருவி ஒன்று அரை அடி இடமாற்றத்துக்காகக் காத்திருந்தது!

ஜூன் மாதம், தென் பிரான்சின் பந்தோல் ரயில் நிலையத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. அதுதான் அக்வாலங், அதாவது நீர் நுரையீரல். ஆங்கிலத்தில் இதன் வகைக்கு ஸ்கூபா என்று பிற்காலத்தில் பெயர் வழங்கலாயிற்று. சிமோன் அம்மையார் மேலே மிதந்தபடி கண்ணாடி வழியாகக் கணவரைக் கண்காணித்தார். கரையில் துமா, ஆபத்தென்றால் பாய்வதற்கு ஆயத்தமாக நின்றார். கூஸ்தோ கீழே போய்ப் புரண்டார், குட்டிக்கரணம் போட்டார், ஒரு விரலில் நின்று பார்த்தார். ஒரு பாறைக் குகையில் இறால் வகையைச் சேர்ந்த பெரிய சிங்கிகள் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்து மேலேயிருந்த சிமோனிடம் கொடுத்தார். பஞ்ச காலத்தில் ஒரு விஞ்ஞானச் சோதனை குடும்பத்துக்குச் சாப்பாடும் போட்டது.

அக்டோபரில் துமா 200 அடிக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய் மீண்டார். நம் திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 190 அடி. அந்தக் கோபுரத்தைக் கடலுக்குள் நிறுத்தினால், கலசத்திலிருந்து அடிவாரம் வரை இறங்கி, அதற்குக் கீழேயும் போனார் என்று பொருள். கீழே மயக்கம் போன்ற ஒரு களிப்பு அவரைப் பற்றியது. காற்றிலுள்ள நைட்ரஜன் ஆழத்தில் மதுவைப் போல் மூளையை மயக்குகிறது. இம்மயக்கத்தின் கொடுமை 1947-இல் வெளிப்பட்டது. மோரிஸ் பார்க் என்னும் உற்ற தோழர் 120 மீட்டர் வரை இறங்கினார். உயிரோடு திரும்பவில்லை.

அதற்கு முந்திய ஆண்டில் நடந்த வேறொரு நிகழ்ச்சியை நாம் இன்னும் கவனத்துடன் படிக்க வேண்டும். 1946 ஆகஸ்டில், வோக்லூஸ் என்ற இடத்திலுள்ள ஆழமறியா ஊற்றுக்குள் கூஸ்தோவும் துமாவும் இறங்கினார்கள். உள்ளே போனதும் இருவருக்கும் அறிவு தடுமாறியது. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. மயிரிழையில் தப்பிக் கரையேறிய பிறகு ஆராய்ந்ததில் உண்மை தெரிந்தது. சிலிண்டரில் காற்று நிரப்பிய கம்பிரசரின் எஞ்சின் புகையையே அந்தக் கம்பிரசர் உறிஞ்சி உள்ளே அடைத்துவிட்டது. அவர்கள் சுவாசித்த காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம் தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்போர் பலர், விலையுயர்ந்த ஸ்கூபாக் கருவிகளை வாங்க வசதியில்லாமல், படகில் ஒரு கம்பிரசரை வைத்து, நீண்ட ரப்பர்க் குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கல்லும் கயிறும் போன இடத்தில் கம்பிரசர் வந்தது. ஒரு நிமிட மூச்சு போய் நெடுநேரம் கீழே தங்க முடிகிறது. சங்கும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் எஞ்சின் புகை குழாயில் கலந்தாலும், குழாய் மடங்கினாலும், விரைந்து மேலே வந்து இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டினாலும் உயிருக்கு ஆபத்து. பிழைத்தவர்க்கும் கைகால் முடங்கலாம். கூஸ்தோ மோட்டார் சைக்கிள் டியூபில் மிச்சம் பிடித்தார், படச்சுருளில் மிச்சம் பிடித்தார். வோக்லூஸுக்குப் பின் சுவாசிக்கும் காற்றின் விஷயத்தில் மட்டும் அவர் குழு மிகுந்த எச்சரிக்கை கொண்டது. அந்த எச்சரிக்கைக்கு உரிய கருவியும் பயிற்சியும் நம் சங்கு குளிப்போருக்கு மலிவாகக் கிடைக்க வேண்டாமா? பொறியியல் படிக்க நினைக்கும் தோழியர் இதைச் சற்று யோசிக்கலாம்.

போர் முடிந்தபின் அக்வாலங் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஸ்கூபா அணிந்து முத்துச் சிப்பிப் பார்களை ஆராய்ந்தனர். 1973-இல் அங்கு முத்து வளர்ப்பிலும் வெற்றி கண்டனர். இத்தாலியில் சான் புரூத்துவோசோ என்ற விரிகுடாவில், 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கைகளை மேலே விரித்து நிற்கும் இயேசு பிரானின் வெண்கலச் சிலையொன்றைக் கடலடியில் 17 மீட்டர் ஆழத்தில் நிறுவினார்கள். இத்தாலியில் முதன்முதலாக ஸ்கூபா அணிந்தவர்களுள் ஒருவர் 1947-இல் உயிர்நீத்த இடம் அது. அங்கே செபிக்க விரும்புவோர் மூழ்கித்தான் போக வேண்டும்.

கூஸ்தோவுக்கு அடுத்த தேவை ஒரு கப்பல். 1950-இல் லோயெல் கின்னஸ் என்ற ஆங்கிலச் செல்வர், கண்ணிவெடி அகற்றும் பழைய கப்பலொன்றை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகைக்கு அவருக்குக் கொடுத்தார். அதுதான் புகழ்பெற்ற காலிப்ஸோ. வாடகை ஒரு பிராங்க் என்றாலும், கப்பலைப் பழுது பார்க்கவும் கருவிகள் வாங்கவும் பணம் வேண்டுமே! சிமோன் அம்மையார் தம் நகைகளை விற்றார். அதோடு நிற்கவில்லை, கணவரைவிட அதிக நாட்கள் அக்கப்பலில் தங்கி, மாலுமிகளுக்குத் தாயாக இருந்தார். படங்களில் அவர் முகத்தைக் காண்பது அரிது. கூஸ்தோவின் பெயரை அறிந்த நூறு பேரில் சிமோன் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

மௌன உலகம் என்ற அவருடைய நூல் 1953-இல் வெளிவந்தது. அதே பெயரில் எடுத்த படம் 1956-இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசையும், பின்னர் ஆஸ்கார் பரிசையும் வென்றது. அந்தப் படத்தில் நம் மனம் ஏற்காத காட்சிகள் உண்டு. மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப் பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களைக் கொன்று குவிக்கிறார்கள். கடலை நேசித்தவரா இப்படிச் செய்தார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் அதே கடலுக்குள் இறங்கியவர் அவர். முன்பு மீன் நிறைந்திருந்த பாறைகள் வெறுமையாவதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். 1960-இல் அணுக்கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டம் எழுந்தபோது எதிர்த்து நின்று குரல் கொடுத்தார், திட்டம் கைவிடப்பட்டது. 1973-இல் கடலைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினார்.

கடலடியில் வீடு கட்டி மனிதர்களைக் குடியிருத்திய சோதனைகளும் அவருடையவையே. 1962-இல் மார்செய் அருகே இருவர் ஒரு வாரம் தங்கினர். 1963-இல் செங்கடலில் ஒரு மாதம். 1965-இல் 100 மீட்டர் ஆழத்தில் மூன்று வாரம். அவருடைய தொலைக்காட்சித் தொடர்களால், கடலையே பாராத ஊர்களிலும் சிவப்புத் தொப்பி அணிந்த அந்த ஒல்லியான மனிதரைக் குழந்தைகள் அறிந்தனர்.

முதுமையில் துயரங்கள் வரிசையாக வந்தன. 1979-இல் இளைய மகன் பிலிப், போர்த்துக்கல்லில் நீர்விமான விபத்தில் மாண்டார். 1990-இல் சிமோன் காலமானார். 1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு தோணி மோதி, காலிப்ஸோ மூழ்கியது; பின்னர் வெளியே தூக்கி எடுத்தார்கள். மறு ஆண்டு, 1997 ஜூன் 25-ஆம் நாள், கூஸ்தோ பாரிஸில் தம் 87-ஆம் வயதில் உயிர்நீத்தார். நோத்ர் தாம் பேராலயத்தில் அவருக்கு இறுதித் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. உடலை அவர் பிறந்த சிற்றூருக்கே கொண்டு சென்று மண்ணில் அடக்கம் செய்தார்கள். சிமோன் அம்மையாரின் அஸ்தி ஏழாண்டுகளுக்கு முன்பே மொனாக்கோவுக்கு அப்பால் கடலில் கரைக்கப்பட்டிருந்தது.